ராபி கோல்ட்ரேன்: உடலைவிடப் பெரிய குரல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாரி பாட்டர் படங்களில் ஹாக்ரிட்டாக வந்த ஸ்காட்லாந்து நடிகர் ராபி கோல்ட்ரேனைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. திரை, தொலைக்காட்சி, குரல் வேலை மூன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறோம். கதை முடிவுகளைக் கூடுமானவரை வெளியிடவில்லை. வெளியிட்டே ஆகவேண்டிய இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

ராபி கோல்ட்ரேன் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1950 மார்ச் 30 அன்று கிளாஸ்கோவை ஒட்டிய ரதர்க்ளென் ஊரில் பிறந்தவர். அப்பா மருத்துவர், காவல்துறைக்கும் மருத்துவராக வேலை பார்த்தவர். அம்மா ஆசிரியை, பியானோவும் வாசிப்பார். 1980களில் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களில் தொடங்கி, 1993இல் 'கிராக்கர்' தொடரின் உளவியலாளர் ஃபிட்ஸாக உச்சம் தொட்டார். பிறகு 2 ஜேம்ஸ் பாண்ட் படங்கள், 8 ஹாரி பாட்டர் படங்கள். நடுவில் அனிமேஷன் படங்களுக்குக் குரலும் கொடுத்துவந்தார். 2022 அக்டோபர் 14 அன்று ஸ்காட்லாந்தின் லார்பெர்ட் மருத்துவமனையில் 72 வயதில் காலமானார்.

கோல்ட்ரேன் என்பது குடும்பப் பெயரா? ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனுக்கு உறவா?

உறவில்லை. இயற்பெயர் ஆன்டனி ராபர்ட் மெக்மில்லன். ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸஃபோன் இசைமேல் இருந்த பித்தில், நடிக்க வந்தபோது அந்தப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

நடிப்பை எங்கே படித்தார்?

நடிப்புப் பள்ளி எதிலும் இல்லை. பெர்த்ஷயரிலுள்ள கிளென்ஆல்மண்ட் என்ற உறைவிடப் பள்ளியில் படித்தார். அங்கே ரக்பி ஆடினார், விவாத மன்றத்துக்குத் தலைவராக இருந்தார். அங்கிருந்து கிளாஸ்கோ ஓவியக் கல்லூரி, அதன்பின் எடின்பரோவின் மோரே ஹவுஸ் ஆசிரியர் கல்லூரி.

ஓவியம் படித்தது வீண்போகவில்லை. ஒரு முகத்தை எந்தக் கோட்டில் பிடித்தால் ஆள் உருவாகிறான் என்ற கணக்கு அவர் நடிப்பில் தெரியும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரே ஒரு உடல் அடையாளத்தைத்தான் எடுத்துக்கொள்வார். ஃபிட்ஸுக்கு விரலிடுக்கில் சிகரெட், பாண்ட் படத்து ஜுகோவ்ஸ்கிக்குத் தாங்கி நடக்கும் கால், கடைசிக்காலத் தொடரின் பால் ஃபின்ச்லிக்குக் கைத்தடி. மற்றதையெல்லாம் குரல் பார்த்துக்கொள்ளும்.

மேடையில் அவரைக் கவனிக்கவைத்தது 1978இல் எடின்பரோ டிராவர்ஸ் அரங்கில் ஏறிய 'தி ஸ்லாப் பாய்ஸ்' நாடகம். எழுதியவர் ஜான் பைர்ன். கம்பளத் தொழிற்சாலையில் சாயம் அரைக்கும் பையன்களின் கதை. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பைர்ன் மறுபடியும் வருவார்.

அவரைக் கதாநாயகன் என்று சொல்லாமல் குணச்சித்திர நடிகர் என்று ஏன் சொல்கிறார்கள்? 'கிராக்கர்' முழுக்க அவர்தானே?

நியாயமான கேள்வி. கதையின் மையத்தில் நின்றபோதும் அவர் நாயகனாக நிற்கவில்லை என்பதுதான் பதில். நட்சத்திர நடிகர் எந்தப் படத்தில் வந்தாலும் அவராகவே தெரிவார், மக்கள் அதற்குத்தான் வருகிறார்கள். கோல்ட்ரேனின் உருவம் 6 அடி 1 அங்குலம், பருமனான உடல். அதை ஒளிக்கவே முடியாது. அப்படிப்பட்டவர் ஒவ்வொரு முறையும் வேறு ஆளாகத் தெரிய வேண்டுமானால் மாற்றக்கூடியது குரல் ஒன்றுதான். எந்த ஊர் வழக்கு, எவ்வளவு மூச்சு, வாக்கியத்தின் எந்த இடத்தில் நிறுத்தம் என்பதை வைத்தே ஆளை மாற்றினார்.

அதனால் அவருடைய திரை வேலையையும் குரல் வேலையையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பார்ப்பது சரியில்லை. இரண்டும் ஒரே தொழில். உருவத்தை எடுத்துவிட்டாலும் அவருக்கு வேலை செய்ய வந்தது என்பதற்குச் சான்றுதான் அனிமேஷன் படங்கள்.

ஒரு படத்தில் அவர் குரலையே வேறொருவர் குரலால் மாற்றினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1983இல் வந்த கற்பனைச் சாகசப் படம் 'க்ரல்'. அதில் ரூன் என்ற கொள்ளைக்காரனாக வருவது கோல்ட்ரேன், கேட்பது மைக்கேல் எல்ஃபிக்கின் குரல். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "சாதாரணமாகத்தான் இருக்கிறார்" என்று முடிவுகட்ட வேண்டாம். பாதி நடிகரைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

ஆரம்பகாலப் பட்டியலைத் தேடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவும். 1980இன் 'ஃபிளாஷ் கார்டன்' படத்தில் அவர் பெயர் இருக்கும், ஆனால் விமானத்தளத்தில் கண்சிமிட்டும் நேரம்தான் வருவார். அதற்காக அந்தப் படத்தைப் போட்டு உட்காராதீர்கள்.

1980களின் வேலைகளில் எதைப் பார்க்கலாம்?

ஒன்றே ஒன்று என்றால் 'டுட்டி ஃப்ருட்டி'. பி.பி.சி ஸ்காட்லாந்து 1987இல் எடுத்த 6 பகுதித் தொடர், எழுதியது அதே ஜான் பைர்ன். 'தி மெஜஸ்டிக்ஸ்' என்ற பழைய ராக் குழு வெள்ளிவிழாச் சுற்றுப்பயணம் கிளம்பும் நேரத்தில் பாடகர் பிக் ஜாஸா கார் விபத்தில் செத்துப்போகிறார். இறுதிச்சடங்குக்கு நியூயார்க்கிலிருந்து வரும் தம்பி டானி மெக்ளோனைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள். அண்ணன், தம்பி இரண்டு பேருமே கோல்ட்ரேன்தான். கூட நடித்தவர் எம்மா தாம்சன், அவரும் கிளாஸ்கோ வழக்கில் பேசுவார்.

இந்தத் தொடரைப் பலர் பார்க்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. தொடர் முழுக்கப் பழைய ராக் பாட்டுகள். பாட்டுகளின் உரிமைச் சிக்கலால்தான் பல ஆண்டு வெளிவரவில்லை என்று சொல்லப்பட்டது. டிவிடியாக வந்தது 2009இல், அதாவது 22 ஆண்டு கழித்து. கிளாஸ்கோ பேச்சு வேகமாக ஓடும், ஆங்கில வசனவரியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். அது இல்லாமல் பார்த்தால் நகைச்சுவையில் பாதி நழுவிவிடும்.

மற்றவற்றில் நீல் ஜோர்டன் இயக்கிய 'மோனா லிசா' (1986) படத்தில் பாப் ஹாஸ்கின்ஸின் நண்பன் தாமஸ் சின்ன வேடம், ஆனால் கனிவானது. கென்னத் பிரானா இயக்கிய 'ஐந்தாம் ஹென்றி' (1989) படத்தில் ஹென்றியின் பழைய குடித்தோழனான முதியவர் ஃபால்ஸ்டாஃப். ஷேக்ஸ்பியரின் அந்த நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் மேடைக்கே வருவதில்லை, அவர் சாவைப் பிறர் சொல்லக் கேட்போம். முந்தைய நாடகங்களிலிருந்து வரிகளை எடுத்து நினைவுக் காட்சியாகச் சேர்த்தார்கள். அப்போது கோல்ட்ரேனுக்கு 40கூட ஆகவில்லை.

'பிளாக்ஆடர்' தொடரில் அவர் வரும் காட்சியை ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

மூன்றாம் தொடரின் (1987) 'இங்க் அண்ட் இன்கேபபிலிட்டி' என்ற பகுதி அது. கோல்ட்ரேன் அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சன். ஆங்கிலத்தின் எல்லாச் சொற்களையும் தொகுத்துவிட்டேன் என்ற பெருமிதத்தோடு அகராதியை இளவரசரிடம் கொண்டுவருகிறார். ரோவன் அட்கின்சனின் பிளாக்ஆடர் வாழ்த்துவதுபோல் "காண்ட்ராஃபிபுலாரிட்டீஸ்" என்கிறார். அப்படி ஒரு சொல்லே கிடையாது.

அந்த நொடியில் கோல்ட்ரேனைப் பாருங்கள். கோபப்படுவதில்லை. காதில் விழுந்ததை மனத்துக்குள் அகராதியில் புரட்டிப் பார்ப்பதுபோல ஒரு சின்ன உறைவு. அதுவரை மண்டபத்தை நிறைத்த குரல் சட்டெனச் சுருங்கி, "என்ன சொன்னீர்கள்?" என்று மாணவன் குரலாகிவிடுகிறது. பிறகு அடுத்த போலிச் சொல், அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் பேனாவை எடுத்துக் குறிக்கத் தவிக்கும் பதற்றம் ஏறிக்கொண்டே போகும். சிரிப்பை உண்டாக்குவது அட்கின்சனின் சொல், அதைத் தாங்கிப் பிடிப்பது ஜான்சனின் உண்மையான வேதனை. பெரிய ஆள் கேலிக்கு உள்ளாகும்போது அவர் வலியை நடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காட்சி வெறும் கிண்டலாகிவிடும்.

'கிராக்கர்' என்ன கதை? இன்றைக்கும் பார்க்கத் தகுமா?

டாக்டர் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், சுருக்கமாக ஃபிட்ஸ். மான்செஸ்டர் காவல்துறைக்கு உதவும் குற்ற உளவியலாளர். அளவில்லாமல் குடிப்பார், புகைப்பார், சூதாடுவார். பிறர் மனத்தைக் கத்திபோலப் பிளக்கத் தெரிந்தவருக்குத் தன் குடும்பத்தைக் காப்பாற்றத் தெரியாது. கிரனாடா நிறுவனம் ஐ.டி.வி.க்காக எடுத்தது. உருவாக்கி எழுதியவர் ஜிம்மி மெக்கவர்ன். அவர் மனத்தில் முதலில் இருந்தது ஒல்லியான, துடிப்பான ஓர் ஆள். கோல்ட்ரேன் வந்தபின் அந்தப் பாத்திரத்தை வேறு உடலில் நினைத்துப்பார்க்கவே முடியாமல் போயிற்று.

முதல் பகுதியில் ஃபிட்ஸ் விரிவுரையாற்றும் காட்சி ஒன்று. மேசையில் தத்துவ நூல்கள் அடுக்கியிருக்கும். ஸ்பினோசா, டேகார்ட் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொல்லிப் புத்தகங்களை மாணவர் கூட்டத்துக்குள் வீசுகிறார். எல்லாம் வீசி முடிந்ததும், குற்றவாளியைப் புரிந்துகொள்ளப் புத்தகம் போதாது, உன் மனத்துக்குள் நீயே இறங்கிப் பார் என்கிறார். வீசும்போது இருந்த ஆரவாரம் அந்தக் கடைசி வாக்கியத்தில் இல்லை. தணிந்த, ஏறக்குறைய அந்தரங்கமான குரல். 3 ஆண்டுத் தொடருக்கும் அந்த ஒரு காட்சியே சாவி.

விசாரணை அறைக் காட்சிகளிலும் இதே முறைதான். அறைக்குள் வரும்போது சத்தம், கிண்டல், சிகரெட் பற்றவைக்கும் அலட்சியம். எதிரில் இருப்பவர் தடுமாறத் தொடங்கியதும் ஃபிட்ஸின் குரல் படிப்படியாக இறங்கும். உச்சக்கட்டத்தில் அவர் பேசுவது காதோடு பேசுவதுபோல இருக்கும். கத்திக் கறக்கும் காவல் அதிகாரிகளையே பார்த்துப் பழகிய தொலைக்காட்சிக்கு அது புதிது. தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் பார்த்தால் இந்த இறக்கம் தொலைந்துபோகும். காதொலிப்பான் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்று பார்க்கத் தகுமா என்றால், தாராளமாக. கைப்பேசியும் டி.என்.ஏ. ஆய்வும் இன்றுபோலப் பரவாத உலகம் என்பதால் வேகம் குறைவாகத் தோன்றலாம். வன்முறை, பாலியல் குற்றம், இனவெறிப் பேச்சு எல்லாம் பூசிமெழுகாமல் வரும். குழந்தைகளோடு பார்க்க முடியாது. ஹாக்ரிட் நடித்த தொடர் என்று நம்பிப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடாதீர்கள்.

எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

ஒளிபரப்பான வரிசையில்தான். ஒவ்வொரு கதையும் 2 அல்லது 3 பகுதிகள், தனித்தனி வழக்குகள். ஆனால் காவலர்களின் வாழ்க்கை ஒரு கதையிலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து வரும். இடையிலிருந்து தொடங்கினால் முக்கியமான ஒருவருக்கு என்ன ஆயிற்று என்பது முன்பே தெரிந்துவிடும், இரண்டாம் தொடரின் அடி விழாது.

1993 முதல் 1995 வரை 3 தொடர்கள், மொத்தம் 9 கதைகள், 23 பகுதிகள். பிறகு ஹாங்காங்கில் நடக்கும் 'ஒயிட் கோஸ்ட்' (1996), 10 ஆண்டு கழித்து 2006இல் ஒரு சிறப்புப் படம். நேரம் குறைவு என்றால் முதல் தொடரின் 3 கதைகளையும், இரண்டாம் தொடரின் முதல் கதையான 'டு பி எ சம்படி'யையும் பாருங்கள். பின்னதில் ராபர்ட் கார்லைல், 1989இன் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானப் பேரழிவு மனத்தில் ஏற்படுத்திய காயத்தோடு வரும் தொழிலாளியாக நடிக்கிறார். இரண்டு ஸ்காட்லாந்து நடிகர்கள் நேருக்கு நேர். முதல் தொடரின் மூன்றாம் கதையையும் விட்டுவிடாதீர்கள். ஃபிட்ஸின் கணிப்பு பிசகினால் என்ன ஆகும் என்று காட்டுவது அதுதான். 'ஒயிட் கோஸ்ட்'டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். மான்செஸ்டரைவிட்டு ஃபிட்ஸைக் கிளப்பியதில் தொடரின் மண்வாசனை போய்விட்டது.

ஒரு தகவல்: இதில் காவல் அதிகாரி பென்ஹாலிகனாக வரும் ஜெரால்டின் சாமர்வில்தான் பிற்பாடு ஹாரி பாட்டரின் அம்மா லில்லி.

பாண்ட் படங்களில் அவர் வில்லனா?

இல்லை. 'கோல்டன்ஐ' (1995), 'தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்' (1999) இரண்டிலும் வாலென்டின் ஜுகோவ்ஸ்கி. முன்னாள் கே.ஜி.பி. ஆள், இப்போது கள்ளவணிகம். பாண்டுக்குப் பழைய பகையாளி, வேண்டாவெறுப்பாக உதவுபவர். பாண்ட் சுட்டதில்தான் கால் ஊனமானது.

'கோல்டன்ஐ'யில் அவர் அறிமுகத்தைக் கேட்டுப் பாருங்கள். பின்னாலிருந்து துப்பாக்கி நீட்டப்படுகிறது. திரும்பாமலே, ஓசையை வைத்து அது வால்தர் பி.பி.கே. என்று கண்டுபிடித்துச் சொல்கிறார். ரஷ்ய உச்சரிப்பு கொஞ்சம் தடிப்புதான், ஆனாலும் அந்த நிதானத்தில் பயமும் பழைய கோபமும் வியாபாரக் கணக்கும் ஒன்றாகக் கேட்கும். நீண்ட பாண்ட் வரிசையில் ஒரு துணைப் பாத்திரத்தை மறுபடி அழைக்கிறார்கள் என்றால் அது நடிகருக்குக் கிடைத்த மதிப்பு.

ஹாக்ரிட்டை அவ்வளவு பெரிதாகக் காட்டியது எப்படி? எல்லாம் கணினி வேலையா?

பெரும்பகுதி கணினி இல்லை. மூன்று வழிகளைக் கலந்து செய்தார்கள். படத்தில் ஹாக்ரிட்டின் உயரம் 8 அடி 6 அங்குலம். கோல்ட்ரேன் 6 அடி 1. அதாவது ஆளைச் சுமார் 1.4 மடங்கு பெரிதாகக் காட்ட வேண்டும்.

முதல் வழி, இரட்டை அரங்கு. ஹாக்ரிட்டின் குடிசையை இரண்டு அளவில் கட்டினார்கள். கோல்ட்ரேன் நடிக்கும் குடிசை சிறியது, அதில் அவர் கூரையை முட்டுவார். குழந்தைகள் நடிக்கும் குடிசை பெரியது, நாற்காலியில் அவர்கள் கால் தரையில் படாமல் தொங்கும். தட்டுமுட்டுச் சாமான்களும் இரண்டிரண்டு செட். கணக்கைப் பாருங்கள்: 10 செ.மீ. உயரக் குவளை கோல்ட்ரேன் கையில் 1.4 மடங்கு சிறியதாகத் தெரிய வேண்டுமானால் சுமார் 7 செ.மீ. உயரத்தில் செய்ய வேண்டும். அதே குவளை ஹாக்ரிட்டுடையது என்று குழந்தை கையில் கொடுத்தால் 14 செ.மீ. இந்த முறையில் முதலில் சொதப்புவது பார்வைக் கோடு. இருவரும் வேறு வேறு அரங்கில் தனித்தனியாக நடிப்பதால், ஹாக்ரிட் எவ்வளவு கீழே பார்க்கிறார், ஹாரி எவ்வளவு மேலே பார்க்கிறான் என்பது ஒத்துவராவிட்டால் இரண்டு பேரும் வேறு யாரையோ பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

இரண்டாவது, உடல் இரட்டையர். இங்கிலாந்து ரக்பி அணிக்கு ஆடிய மார்ட்டின் பேஃபீல்டு, 6 அடி 10 அங்குலம். கோல்ட்ரேனின் முகத்தை வார்த்துச் செய்த, உள்ளே பொறிகள் இயங்கும் தலையைப் போட்டுக்கொண்டு, திணித்துப் பெருக்கிய உடையில் நடப்பார். தூரத்திலிருந்தோ முதுகுப்புறமாகவோ ஹாக்ரிட் மாணவர்களோடு நடந்துபோகும் காட்சிகளில் பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது பேஃபீல்டை. 'சேம்பர் ஆஃப் சீக்ரெட்ஸ்' படத்தின் பழைய நினைவுக் காட்சியில் இளவயது ஹாக்ரிட்டாகவும் அவரே வந்தார்.

மூன்றாவது, நடிகரைக் கேமராவுக்கு அருகிலும் மற்றவர்களைத் தள்ளியும் நிறுத்தும் பழைய உபாயம்.

இந்த மூன்றும் ஒரே காட்சியில் மாறி மாறி வெட்டப்படும். உடல் மாறுகிறது, அரங்கு மாறுகிறது, அளவு மாறுகிறது. பார்ப்பவருக்கு ஒரே ஆளாகத் தோன்றவைக்கும் நூல் எது? குரல். அது எல்லா வெட்டிலும் கோல்ட்ரேனுடையது.

ஹாக்ரிட் பேசுவது ஸ்காட்லாந்து ஆங்கிலமா?

இல்லை. அது இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதி வழக்கு. கதாசிரியர் ஜே.கே. ரௌலிங் சிறுவயதைக் கழித்த பக்கத்துப் பேச்சு, நாவலிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஹாக்ரிட் வேடத்துக்கு ரௌலிங் முதலில் சொன்ன பெயரும் கோல்ட்ரேன்தான்.

வித்தியாசத்தைக் காதால் பிடிக்க எளிய வழி ரகரம். லண்டன் பக்கம் 'கார்' என்பதைக் 'கா' என்று இழுத்து, கடைசி ரகரத்தை விழுங்கிவிடுவார்கள். ஸ்காட்லாந்திலும் தென்மேற்கிலும் விழுங்க மாட்டார்கள். ஆனால் ஸ்காட்லாந்தில் நாக்கு நுனி தட்டும், நம் ரகரத்துக்குக் கொஞ்சம் பக்கம். தென்மேற்கில் நாக்கு பின்னால் மடங்கி, ரகரம் உருண்டு வரும். முதல் படத்தில் ஹாக்ரிட் ஹாரியிடம் "நீ ஒரு மந்திரவாதி" என்று சொல்லும் ஆங்கில வரியைக் கேளுங்கள். 'விஸர்ட்' என்ற சொல்லின் நடுவில் அந்த உருளல் இருக்கும். பிறகு 'கிராக்கர்' ஒரு பகுதி கேளுங்கள். இரண்டும் ஒரே தொண்டை என்று நம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

இன்னொன்று. ஹாக்ரிட் ரகசியத்தை உளறிவிட்டு, "இதைச் சொல்லியிருக்கக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் இடம். முதல் தடவை வேகமாக, இரண்டாம் தடவை ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி. பூதாகாரமான ஆள் பள்ளிப்பையனாகிவிடுவார். தமிழ் ஒலிமாற்றத்தில் பார்த்திருந்தால் கோல்ட்ரேனின் உடலை மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். முதல் படத்தையாவது ஒருமுறை மூல ஒலியில் கேளுங்கள்.

அனிமேஷனில் எந்தெந்தக் குரல் அவருடையது?

சிறந்தது என்று நாங்கள் கருதுவது 'தி கிரஃபலோ' (2009). ஜூலியா டொனால்ட்சனின் குழந்தைக் கதையைத் தழுவிய 27 நிமிடப் படம், கிறிஸ்துமஸ் நாளில் பி.பி.சி.யில் வந்தது, பிறகு ஆஸ்கர் குறும்படப் பிரிவில் பரிந்துரையும் பெற்றது. சுண்டெலி தன்னைக் காத்துக்கொள்ளக் கற்பனையில் உருவாக்கும் கோர மிருகம்தான் கிரஃபலோ. படத்தின் முற்பாதி முழுக்கப் பேச்சில்தான் இருக்கிறது. கடைசியில் நிஜமாகவே வந்து நிற்கும்போது குரல் குழந்தையைப் பயமுறுத்த வேண்டும், ஆனால் அழவைத்துவிடக் கூடாது. கோல்ட்ரேன் ஆழத்தைக் குறைக்காமல் வேகத்தைக் குறைத்தார். மிருகம் கொஞ்சம் மந்தபுத்தி என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது, குழந்தை மூச்சுவிடுகிறது. 2011இல் வந்த 'தி கிரஃபலோஸ் சைல்டு' படத்தில் அதே மிருகம் அப்பா. குட்டிக்குக் குரல் ஷெர்லி ஹென்டர்சன், ஹாரி பாட்டரின் அழுமூஞ்சிப் பேய் மிர்டில். கதை சொல்லும் குரலைக் கோல்ட்ரேனுடையது என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. முதல் படத்தில் கதை சொல்வது ஹெலனா போனம் கார்ட்டர்.

பிக்ஸாரின் 'பிரேவ்' (2012) படத்தில் டிங்வால் பிரபு. பார்த்தால் சிரிப்பு வரும்: மூன்று குலத் தலைவர்களில் ஆகச் சிறிய உருவம், முணுக்கென்று கோபப்படும் கிழவர். திரையுலகின் பெரிய உடல்களில் ஒன்றுக்கு ஆகச் சிறிய பொம்மை. எடையை முழுக்கக் குரலிலிருந்து கழற்றிவிட்டு, மூக்கும் எரிச்சலுமாகப் பேசியிருக்கிறார். ராணி எலினோருக்குக் குரல் எம்மா தாம்சன். 'டுட்டி ஃப்ருட்டி' முடிந்து 25 ஆண்டு கழித்து இருவரும் மீண்டும் ஸ்காட்லாந்துக் கதையில்.

'தி டேல் ஆஃப் டெஸ்பெரோ'வில் (2008) சிறைக் காவலர் கிரெகரி. 'வான் ஹெல்சிங்'கில் (2004) தொடக்கத்தில் வரும் கணினி உருவமான மிஸ்டர் ஹைடுக்கும் அவர் குரல். அந்தப் படத்தை முழுக்கப் பார்க்க வேண்டியதில்லை, முதல் சில நிமிடங்கள் போதும்.

இப்படிக் கனமான குரலைப் பதிவு செய்வதில் என்ன சிக்கல்?

ஒரு திசையிலிருந்து மட்டும் கேட்கும் வகை மைக்குக்கு வாய் நெருங்க நெருங்க குரலின் அடித்தொனி வீங்கும். மெல்லிய குரலுக்கு அது உதவும். கனத்த குரலுக்கு ஒரு சாணுக்குள் நெருங்கினால் சொற்கள் உறுமலுக்குள் மூழ்கிவிடும். தள்ளி நின்றால் அறையின் எதிரொலி ஏறும். பகர வெடிப்பு வேறு தடதடக்கும், வடிகட்டித் துணி வேண்டும். இதற்கு நடிகர் பக்கம் உள்ள தீர்வு மெய்யெழுத்துகளைக் கூர்மையாக்குவது. கிரஃபலோவை எந்தச் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டாலும் ஒரு சொல்லும் மங்காது, அதற்குக் காரணம் இந்தக் கூர்மை.

அனிமேஷனில் வழக்கமாகக் குரலை முதலில் பதிந்து, அதைக் கேட்டுத்தான் உருவத்தை அசைப்பார்கள். எங்கே நிறுத்துகிறாரோ அங்கே பாத்திரம் கண்ணிமைக்கும். எனவே நிறுத்தம் தெரிந்த நடிகர் பாதி இயக்குநர்.

இதற்கு நேரெதிரான வேடிக்கை ஒன்றும் செய்திருக்கிறார். அமெரிக்கத் தொடரான 'ஃப்ரேசியர்' 2004இல் முடிந்த கடைசிக் கதையில் டாஃப்னியின் அண்ணன் மைக்கேலாக வந்து, யாருக்கும் ஒரு சொல்கூடப் புரியாதபடி பேசுவார். தெளிவாகப் பேசத் தெரிந்தவரால்தான் அந்த அளவு துல்லியமாகக் குழற முடியும்.

இந்தியத் தொடர்புள்ள படம் ஏதாவது?

'ப்ரவோக்டு' (2006). கணவனின் பல ஆண்டுக் கொடுமை தாங்காமல் அவனைக் கொன்ற கிரண்ஜித் அலுவாலியாவின் உண்மைக் கதை. பிரிட்டனில் 1992இல் அந்தக் கொலைக் குற்றத் தீர்ப்பு மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. கிரண்ஜித்தாக ஐஸ்வர்யா ராய், மேல்முறையீட்டை வாதாடும் மூத்த வழக்கறிஞராகக் கோல்ட்ரேன், இசை ஏ.ஆர். ரஹ்மான். இயக்கம் ஜக் முந்த்ரா. கோல்ட்ரேனுக்குக் காட்சிகள் குறைவு. வரும் இடங்களில் நீதிமன்றம் நம்பும்படி இருக்கிறது.

'நேஷனல் ட்ரெஷர்' பற்றி?

2016இல் சேனல் 4 ஒளிபரப்பிய 4 பகுதித் தொடர், எழுதியவர் ஜாக் தோர்ன். மக்களின் அன்பைப் பெற்ற மூத்த நகைச்சுவை நடிகர் பால் ஃபின்ச்லிமேல் பல ஆண்டுகளுக்கு முன்நடந்ததாகப் பாலியல் குற்றச்சாட்டு வருகிறது. மனைவியாக ஜூலி வால்டர்ஸ். பழைய மேடைக் கூட்டாளியாக டிம் மெக்இனர்னி.

கோல்ட்ரேனின் ஆகச் சிறந்த திரை வேலை எது என்று கேட்டால், ஃபிட்ஸையும் தாண்டி இதைச் சொல்வோம். 40 ஆண்டாகச் சேர்த்த பொதுமக்கள் பாசம் முழுவதையும் எடுத்து இந்தப் பாத்திரத்துக்கு முதலாக வைத்தார். ஹாக்ரிட் தவறு செய்திருக்க மாட்டார் என்று நம் மனம் தானாகவே நம்பத் தொடங்கும், அந்த நம்பிக்கையைத்தான் தொடர் விசாரிக்கிறது. குரல் இங்கே மிகத் தணிந்தது, முணுமுணுப்புக்குச் சற்று மேல். குற்றவாளியா நிரபராதியா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முயன்று தோற்றுக்கொண்டே இருப்போம்.

என்னென்ன விருதுகள்? 'சர்' பட்டம் உண்டா?

'சர்' இல்லை. 2006இல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. கௌரவம். 'கிராக்கர்' நடிப்புக்கு 1994, 1995, 1996 என வரிசையாக 3 பாஃப்டா (பிரிட்டிஷ் திரை, தொலைக்காட்சி அமைப்பு) தொலைக்காட்சி விருதுகள். முதல் ஹாரி பாட்டர் படத்துக்குத் துணைநடிகர் பிரிவிலும், 'நேஷனல் ட்ரெஷர்' தொடருக்கு முதன்மை நடிகர் பிரிவிலும் பாஃப்டா பரிந்துரை. 2011இல் பாஃப்டா ஸ்காட்லாந்தின் சிறப்புப் பங்களிப்பு விருது.

அவர் இயந்திரப் பித்தரா?

ஆம், பழைய கார்கள், எஞ்சின்கள் என்றால் உயிர். 1993இல் பழைய கேடிலாக் காரில் அமெரிக்காவைக் கடந்தார், அது ஒரு தொடர். 1997இல் எஞ்சின்களின் கதையைச் சொல்லும் இன்னொரு தொடர். அதில் டிராபன்ட் காரின் எஞ்சினைத் தனியாளாக 23 நிமிடத்தில் கழற்றி எடுத்தார். ஆவணப்படங்களில் கேட்பதுதான் அவருடைய சொந்தக் குரல், சொந்த வழக்கு. மற்ற வேடங்களில் எவ்வளவு விலகிப் போயிருக்கிறார் என்று அளக்க இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசி ஆண்டுகளில் ஏன் குறைவாக நடித்தார்?

மூட்டுத் தேய்மானம். வலி பல ஆண்டாக இருந்தது, பிற்பாடு சக்கர நாற்காலி தேவைப்பட்டது. 'நேஷனல் ட்ரெஷர்' தொடரில் பார்க்கும் தள்ளாட்டமான நடை முழுக்க நடிப்பில்லை. 2022 ஜனவரி 1 அன்று வெளியான ஹாரி பாட்டர் 20ஆம் ஆண்டு நிகழ்ச்சியில், இந்தப் படங்களை இன்றைய பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள், அப்போது நான் இருக்க மாட்டேன், ஹாக்ரிட் இருப்பார் என்ற பொருளில் பேசினார். அதற்கு ஒன்பதரை மாதம் கழித்துக் காலமானார்.

ஹாக்ரிட்டை மட்டும் தெரியும். எங்கிருந்து தொடங்கலாம்?

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 'தி கிரஃபலோ', அரை மணிநேரம். பிள்ளைகள் தூங்கியபின் 'இங்க் அண்ட் இன்கேபபிலிட்டி', இன்னொரு அரை மணி. அடுத்த வாரம் 'கிராக்கர்' முதல் கதை, 2 பகுதிகளையும் ஒரே இரவில், ஆங்கில வசனவரியோடு. அது பிடித்தால் வரிசையாகப் போய்க்கொண்டே இருங்கள். 'நேஷனல் ட்ரெஷர்' எல்லாவற்றுக்கும் பிறகு, ஒரு நாளைக்கு ஒரு பகுதிக்கு மேல் வேண்டாம், கனமானது. அது முடிந்தபின் முதல் ஹாரி பாட்டர் படத்தை மறுபடி போட்டு, பாறைமேலிருக்கும் குடிசையின் கதவு உடைந்து விழும் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.